வேகாத வயிறு: டிஸ்பெப்சியா என்ற சொல்லுக்குள் இருப்பது

வாய்வழியே குழாய்க் கேமராவை விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி முடிந்ததும் கையில் தரும் தாளில் 'டிஸ்பெப்சியா' என்று எழுதியிருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் அது 'கேஸ் டிரபிள்' ஆகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லும்போது 'அல்சர்' என்று மாறியிருக்கும். அகராதியைப் புரட்டினால் 'அசீரணம், செரியாமை' என்று இருக்கும். இந்த நான்கும் ஒன்றல்ல. ஒன்றென்று எடுத்துக்கொள்வதால் தேவையில்லாத மாத்திரையைப் பல மாதம் விழுங்குபவர்கள் உண்டு. தேவையான பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதனால் சொல்லை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிரேக்கச் சொல் அது. 'டிஸ்' என்றால் கெட்ட, இடர்ப்பட்ட என்று பொருள். டிஸ்லெக்சியாவில் வருவதும் டிசென்டரியில் வருவதும் இதே 'டிஸ்'தான். துர்நாற்றம், துர்ப்பாக்கியம் ஆகியவற்றில் வரும் வடமொழித் 'துர்' இதற்கு உடன்பிறப்பு. பின்பாதி 'பெப்சிஸ்'. இதற்குச் செரித்தல் என்று பொருள் எழுதிவிட்டுப் பல நூல்கள் நகர்ந்துவிடுகின்றன. ஆனால் கிரேக்கர்களிடம் அந்த வினைச்சொல்லுக்கு முதற்பொருள் சமைத்தல், வேகவைத்தல், வெயிலில் பழுக்கவைத்தல். வெயிலில் கனிந்த முலாம்பழத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பெபோன்'. பூசணியைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'பம்ப்கின்' பல கைமாறி வந்து சேர்ந்தது அங்கிருந்துதான். ஆகவே டிஸ்பெப்சியா என்றால் 'கெட்ட சமையல்', 'சரியாக வேகாமை'. வயிற்றை அடுப்பாகப் பார்த்தவர்கள் செய்த சொல்.

இந்த வேர் கிரேக்கத்தோடு நிற்கவில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொதுவேராக மொழியியலாளர் மீட்டெடுத்திருக்கும் 'பெக்வ்' என்பது கிரேக்கத்தில் 'பெப்' ஆனது. லத்தீனில் முதல் எழுத்தும் இரண்டாவதைப் போலவே மாறி 'கொக்வ்' ஆனது. சமஸ்கிருதத்தில் 'பச்' ஆனது. லத்தீன் கிளையிலிருந்து 'குக்', 'கிச்சன்' இரண்டும் வந்தன. 'பிஸ்கட்' என்றால் இருமுறை சுட்டது. சமஸ்கிருதக் கிளையிலிருந்து தமிழுக்கு வந்தவை பாகம், பக்குவம். நளபாகம் என்கிறோம், கைப்பக்குவம் என்கிறோம், பழம் பக்குவமாகிவிட்டது என்கிறோம். வெந்ததும் பழுத்ததும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது கிரேக்கத்தில் இருப்பது போலவே இங்கும் இருக்கிறது. கடையில் வாங்கும் பிஸ்கட்டும், பாட்டியின் கைப்பக்குவமும், வயிற்றில் சுரக்கும் பெப்சினும் ஒரே கொடியில் காய்த்தவை. 'துர்ப்பாகம்' என்று ஒரு சொல் நம்மிடம் இருந்திருந்தால் அது டிஸ்பெப்சியாவுக்கு வேருக்கு வேர் பொருந்தியிருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒலியை வைத்துப் 'பசி'யையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடத் தோன்றும். பசி திராவிடச் சொல். கன்னட 'ஹசிவு' அதன் உறவு. பெப்சினுக்கும் பசிக்கும் தொடர்பு கிடையாது. 'சீரகம்' என்பதைச் சீர், அகம் என்று பிரித்து, அகத்தைச் சீர்செய்வது என்று விளக்குவதும் இதே வகை. வடக்கே அது ஜீரா, சமஸ்கிருதத்தில் ஜீரகம், பாரசீகத்திலும் கிட்டத்தட்ட அதேதான். இத்தனை மொழிகளில் உலவும் ஒரு பெயரைத் தமிழில் மட்டும் இரண்டாக உடைத்துப் பொருள் சொல்வது கேட்க இனிமையாக இருக்கலாம், சொல்வரலாறு ஆகாது.

உண்மையான உறவுகளே போதிய வியப்பைத் தருகின்றன. பச்சையான, வேகாத என்பதற்குக் கிரேக்கத்தில் 'ஓமோஸ்'. அதே பொருளில் சமஸ்கிருதத்தில் 'ஆம'. இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். கிரேக்க மருத்துவர்கள் உடம்பில் பக்குவப்படாமல் நிற்கும் நீர்மங்களை 'ஓமோஸ்' என்றார்கள். ஆயுர்வேதம் அரைகுறையாகச் செரித்துத் தேங்கும் பொருளை 'ஆமம்' என்றது. மூட்டு வீங்கி வலிப்பதை 'ஆமவாதம்' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதில் உள்ள ஆமம் 'வேகாதது' என்ற பொருளில்தான் நிற்கிறது.

வயிற்றை அடுப்பென்று கொண்டது வெறும் உவமையாக அல்ல. அதுவே அன்றைய உடலியல். அரிஸ்டாட்டில் வெப்பத்தால் ஒரு பொருள் பக்குவமாவது முழுவதையும் 'பெப்சிஸ்' என்ற ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்து, அதைப் பழுத்தல், அவித்தல், சுடுதல் என மூன்றாக வகுத்தார். உடலின் வெப்பம் உணவை வயிற்றில் அவிக்கிறது என்பது அவர் கொள்கை. பின்வந்த மருத்துவர்கள் கோளாறையும் பிரித்தார்கள்: வேகவே வேகாதது 'அபெப்சியா', மெதுவாக வேகுவது 'பிராடிபெப்சியா', கெட்டுப்போய் வேகுவது 'டிஸ்பெப்சியா'. முதல் இரண்டும் வழக்கொழிந்துபோயின. மூன்றாவது மட்டும் பிழைத்து, மற்ற இரண்டின் சுமையையும் தானே சுமக்கிறது.

இந்தப் பக்கம் ஆயுர்வேதம் அந்தத் தீயை நான்காகப் பிரித்தது. சமமாக எரிவது, தாறுமாறாக எரிவது, மிகையாக எரிவது, மந்தமாக எரிவது. கடைசியாகச் சொன்ன 'மந்தாக்கினி'யின் தலைப்பாதிதான் 'வயிறு மந்தமா இருக்கு' என்ற நம் பேச்சில் வாழ்கிறது. தீ என்பதை மறந்துவிட்டோம், அது மெதுவாக எரிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம். மிகையான தீக்கு மணிமேகலையில் 'யானைத்தீ' என்று பெயர். காயசண்டிகை எவ்வளவு உண்டாலும் அடங்காத பசிநோய் அது. சித்த மருத்துவம் வயிற்றில் வேலை செய்யும் அழலை 'ஆக்கனல்' என்கிறது. சோறாக்குவது, குழம்பாக்குவது என்று சொல்லும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை, ஆக்குகிற அனல். 'பெப்சிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமான தமிழ்ச்சொல் வேறில்லை. இருந்தும் பாடநூல்களில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரத்திலும் 'தீயளவு' வருகிறது. பசித்தீயின் அளவறியாமல் உண்பவனுக்கு நோய் அளவின்றி வரும் என்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில் செரித்ததைச் சொல்லும் வினை வேறு: 'அருந்தியது அற்றது போற்றி உணின்'. அறுதல் என்றால் தீர்ந்துபோதல், இல்லாமலாதல். வேக்காடு பற்றிய பேச்சே இல்லை. உண்டது 'அற்றதா' என்று பார்த்துவிட்டு அடுத்த வேளைக்கு உட்கார் என்பது ஒரு கொள்கையையும் சாராத, கண்டறிந்த உண்மை. வயிறு எப்படி வேலை செய்கிறது என்று எதுவும் சொல்லாததால் இந்தச் சொல்லை எந்த ஆராய்ச்சியும் பொய்யாக்க முடியவில்லை.

இன்று நாம் அதிகம் பயன்படுத்தும் 'ஜீரணம்' இன்னொரு கதை. அதன் வேர் 'மூப்படைதல், தேய்தல்'. 'ஜரா' என்றால் மூப்பு. 'ஜீர்ண' என்றால் பழசாகித் தேய்ந்தது. கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ்களில் 'ஜீர்ணோத்தாரண' என்று அச்சிட்டிருப்பார்களே, சிதிலமான கோயிலை மீண்டும் தூக்கி நிறுத்துவது, அதே 'ஜீர்ண'தான். ஆக, ஜீரணம் என்பது உணவு தன் உருவம் தேய்ந்து சிதைவது. அஜீரணம் என்றால் தேயாமல் முழுசாகக் கிடப்பது. லத்தீன்காரர்கள் வைத்த பெயரில் சமையலும் இல்லை, மூப்பும் இல்லை. 'டைஜஸ்ட்' என்பதற்குப் பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தல், ஒழுங்காக அடுக்குதல் என்று பொருள். ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 533-இல் சட்ட அறிஞர்களின் கருத்துகளை வகைப்படுத்தி வெளியிட்ட தொகுப்புக்கும் 'டைஜஸ்ட்' என்றுதான் பெயர். வழக்கறிஞர் அலமாரியில் இருக்கும் டைஜஸ்ட்டும் வயிற்றில் நடக்கும் டைஜஷனும் ஒரே சொல். ஒரு வேலைக்குப் பெயர் வைக்கப் புறப்பட்ட நான்கு மொழிகளில் ஒன்று அடுப்பைப் பார்த்தது, ஒன்று மூப்பைப் பார்த்தது, ஒன்று பங்கீட்டைப் பார்த்தது, ஒன்று காலித்தட்டைப் பார்த்தது.

அடுப்பு அணைந்த விதம்

அடுப்புக் கொள்கையை முதலில் அசைத்தவர் 17-ஆம் நூற்றாண்டின் மருத்துவர் வான் ஹெல்மான்ட். அவர் கேட்ட கேள்வி எளியது: மீனின் உடம்பு குளிர்ந்திருக்கிறது, அதற்கு எப்படிச் செரிக்கிறது? வெப்பம்தான் செரிக்கவைக்கிறது என்றால் காய்ச்சல்காரனுக்கு மற்றவர்களைவிட நன்றாகச் செரிக்க வேண்டுமே? புளிப்பும் நொதியும்தான் காரணம் என்றார் அவர். 1752-இல் பிரெஞ்சு அறிவியலாளர் ரேயோமூர் துளையிட்ட உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்துப் பருந்துக்கு விழுங்கக் கொடுத்தார். பருந்து செரிக்காததைக் கக்கிவிடும் என்பதால் குழாய் திரும்பக் கிடைத்தது. குழாய் நசுங்கவில்லை, உள்ளே இருந்த இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. வயிறு அரைத்துத்தான் செரிக்கிறது என்ற இன்னொரு கட்சி அங்கே தோற்றது. இத்தாலிய அறிவியலாளர் ஸ்பல்லன்சானி இரைப்பை நீரை வெளியே எடுத்து, உணவோடு கண்ணாடிக் குழாயில் அடைத்துத் தம் அக்குளில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார். உடம்புக்கு வெளியேயும் செரித்தது. அந்தப் புளிப்பு ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று 1824-இல் வெளியான கட்டுரையில் வில்லியம் பிரௌட் காட்டினார்.

இவர்கள் எல்லோரையும்விட நேரடியாகப் பார்த்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட். 1822 ஜூன் 6 அன்று மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் தொழிலாளிக்குத் துப்பாக்கிக் காயம் பட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பையிலிருந்து வெளியே திறக்கும் ஓட்டை மூடவே இல்லை. 1825 ஆகஸ்ட் 1 நண்பகல் போமான்ட் பட்டுநூலில் வேகவைத்த மாட்டிறைச்சி, பச்சை உப்பிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் ஆகியவற்றைக் கட்டி ஓட்டை வழியே தொங்கவிட்டார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தபோது கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணிக்குக் கோசு, ரொட்டி, பன்றிக் கொழுப்பு, வேகவைத்த இறைச்சி எல்லாம் நூலில் இல்லை. 1833-இல் அவர் வெளியிட்ட நூலில் இப்படி 238 சோதனைகள் உள்ளன. இந்த அறிவு மருத்துவத்துக்குப் பெரிய கொடை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் செயின்ட் மார்ட்டின். வறுமையால் ஒப்பந்தக் கூலிக்குத் தம் வயிற்றைத் திறந்து வைத்திருந்தவர். போமான்டின் பெயர் வரும் இடமெல்லாம் அவர் பெயரும் வர வேண்டும்.

1836-இல் தியோடர் ஷ்வான் இரைப்பைச் சவ்விலிருந்து அமிலம் அல்லாத இன்னொரு பொருளைப் பிரித்தார். அமிலம் தனியாகச் செய்யாததை, மிகச் சிறிய அளவு அந்தப் பொருள் சேர்ந்தால் அமிலம் செய்தது. அதற்குப் பெயர் வேண்டும். அடுப்புக் கொள்கை செத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அடுப்பின் பழைய பெயரையே எடுத்து அவர் 'பெப்சின்' என்று வைத்தார். 1930-இல் ஜான் நார்த்ரப் அதைப் படிகமாக்கி, அது ஒரு புரதம் என்று நிறுவினார். 1946-இல் வேதியியல் நோபலில் அவருக்குப் பங்கு கிடைத்தது. பெப்சினின் பிள்ளைகள் பல. பெப்சின் வெட்டிப்போட்ட புரதத் துண்டுகள் 'பெப்டோன்'. இன்றும் நுண்ணுயிர் ஆய்வகத்தில் பாக்டீரியாவுக்குத் தீனி அதுதான். அதிலிருந்து 1902-இல் எமில் பிஷர் 'பெப்டைடு' என்ற சொல்லைச் செய்தார். 1898-இல் வட கரோலினாவின் மருந்துக்கடைக்காரர் கேலப் பிராட்ஹாம் தம் குளிர்பானத்துக்கு டிஸ்பெப்சியாவை நினைத்துப் 'பெப்சி-கோலா' என்று பெயரிட்டார். வயிற்று உபாதைக்கு இதம் தரும் பானம் என்பது அன்றைய விளம்பர எண்ணம். வயிறு உப்பிக் கிடப்பவருக்குக் காற்றடைத்த இனிப்பு நீரைப் போன்ற தவறான மருந்து வேறில்லை.

பெப்சின் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பள்ளி ஆய்வகத்திலேயே காட்டலாம். ஒரு முட்டையின் வெள்ளையை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கொதிக்கவைத்தால் பால் போல் கலங்கிய நீர் கிடைக்கும். நான்கு சோதனைக் குழாய்களில் தலா 5 மில்லி ஊற்ற வேண்டும். முதல் குழாயில் 1 சதவீதப் பெப்சின் கரைசல் 1 மில்லி. இரண்டாவதில் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 சொட்டு மட்டும். மூன்றாவதில் இரண்டும். நான்காவதில் அமிலத்தோடு, கொதிக்கவைத்து ஆறவைத்த பெப்சின் 1 மில்லி. நான்கையும் 37 டிகிரி செல்சியஸ் நீரில் நிறுத்தினால் சில நிமிடங்களில் மூன்றாவது குழாய் மட்டும் தெளியும். தெளியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டு: பெப்சின் பழசு, அல்லது நீரின் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிட்டது. நான்காவது குழாய்தான் அடுப்புக் கொள்கைக்கான பதில். சமைக்க உதவும் கொதி, செரிக்கவைக்கும் பொருளைக் கொன்றுவிடுகிறது.

ஆனாலும் கிரேக்கர்கள் முழுக்கத் தவறவில்லை. முட்டையை வேகவைக்கும்போது வெப்பம் புரதத்தின் மடிப்புகளை அவிழ்க்கிறது. இரைப்பையில் அதே வேலையைப் பி.எச். 1.5 முதல் 2 வரையுள்ள அமிலம் செய்கிறது (பி.எச். என்பது புளிப்பின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும்). அவிழ்ந்த புரதத்தைத்தான் பெப்சினால் வெட்ட முடியும். தீ இல்லாத ஒரு சமையல் என்று அதைச் சொல்லலாம். இரைப்பைச் சுவர் தன்னையே தின்றுவிடாதிருக்கப் பெப்சின் முதலில் 'பெப்சினோஜன்' என்ற உறைபோட்ட கத்தியாகச் சுரக்கிறது. அமிலம் பட்டதும் நாற்பதுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட உறை கழன்று கத்தி வெளிவரும். பி.எச். 4-ஐத் தாண்டினால் அதன் கூர் மழுங்கும். 8-ஐத் தாண்டிப் போனால் மீளாமல் கெடும். அது வெட்டுவது புரதத்தை மட்டும். சோற்றையும் எண்ணெயையும் அது தொடாது. புரதத்திலும் அதன் பங்கு சிறிது. பெரும்பகுதியைக் கணையத்தின் நொதிகள் சிறுகுடலில் முடிக்கின்றன. இரைப்பையை முழுவதும் அகற்றியவர்களுக்கும் பருப்பும் மீனும் செரிப்பது இதனால்தான்.

அஜீரணத்தில் செரிக்காதது எது?

இதுவரை வந்தபிறகு கேட்க வேண்டிய கேள்வி இது. டிஸ்பெப்சியா என்று எழுதப்பட்டவருக்குப் பெப்சின் குறைவா? அமிலம் குறைவா? உணவு வேகாமல் கிடக்கிறதா? பெரும்பாலோருக்கு இவை எதுவும் இல்லை. உண்டது செரிக்கிறது, உடம்பில் சேர்கிறது. தொல்லை வேறிடத்தில்.

இரைப்பை வெறுமையாக இருக்கும்போது கிட்டத்தட்ட 50 மில்லிதான் கொள்ளும். சாப்பிடத் தொடங்கியதும் மேல்பகுதி தளர்ந்து, அழுத்தம் ஏறாமல், ஒரு லிட்டருக்கு மேல் இடம் கொடுக்க வேண்டும். இந்தத் தளர்ச்சி சரியாக வராவிட்டால் இரண்டு இட்லிக்கே வயிறு முட்டும். கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று முறை சுருங்கி உணவை 1-2 மில்லிமீட்டர் துகளாக்கிச் சிறுகுடலுக்குள் தள்ளுகிறது. நான்கு மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட வேண்டும். எண்ணெய் மிகுந்தால் வேகம் குறையும். சிலருக்கு இந்த வெளியேற்றம் மெதுவாக நடக்கிறது. இன்னும் பலருக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தும், வயிற்றின் நரம்புகள் சாதாரண விரிவையே வலியாக மூளைக்குச் சொல்கின்றன. மனக்கலக்கமும் தூக்கக்கேடும் அதைக் கூட்டும். எண்டோஸ்கோப்பியில் புண் இல்லை என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. குழாய்க் கேமராவுக்கு நரம்பின் கூச்சம் தெரியாது.

அதனால் மருத்துவத்தில் இன்று டிஸ்பெப்சியா என்பது நான்கு குறிகளின் பெயர். 2016-இல் வெளியான, வயிறு-குடல் தொல்லைகளுக்கான பன்னாட்டு 'ரோம் 4' வரையறையின்படி, சாப்பிட்டபின் நீடிக்கும் வயிற்றுக் கனம், கொஞ்சம் உண்டதும் வயிறு நிறைதல், மேல்வயிற்று வலி, மேல்வயிற்று எரிச்சல். மேல்வயிறு என்றால் மார்பெலும்பின் முனைக்கும் தொப்புளுக்கும் இடைப்பட்ட இடம். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகி, கடைசி 3 மாதம் தொடர்ந்து இருந்து, வேறு நோய் கண்டுபிடிக்கப்படாவிட்டால் அது 'பங்க்ஷனல் டிஸ்பெப்சியா', அதாவது உறுப்பில் பழுது தெரியாமல் செயல்பாட்டில் மட்டும் வரும் தொல்லை.

'செரிக்கல டாக்டர்' என்று சொல்வதில் எதுவும் விளங்காது. நம் பேச்சில் இதைவிடத் துல்லியமான சொற்கள் உள்ளன. 'சாப்பிட்டது கல்லு மாதிரி அப்படியே கிடக்கு', 'நாலு வாய்க்கு மேல இறங்கல', 'மேல்வயிறு பிசையுது' என்பவை டிஸ்பெப்சியாவின் குறிகள். 'நெஞ்சு கரிக்குது', 'எதுக்களிக்குது', 'புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருது' என்பவை அமிலம் மேலேறும் நோயைக் காட்டுகின்றன. அடிவயிறு முறுக்கி, மலம் கழித்ததும் தணிந்தால் அது குடல் விவகாரம். இந்த வேறுபாட்டைச் சொல்லில் கொண்டுவந்துவிட்டால் பாதிச் சோதனை மிச்சம். 'அல்சர்' என்ற சொல்லை மட்டும் நோயாளியே சூட்டிக்கொள்ள வேண்டாம்; அது பார்த்து உறுதிசெய்ய வேண்டிய புண்.

'கேஸ்' என்ற சொல்லில் உயிராபத்தும் இருக்கிறது. மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நடந்தால் வந்து நின்றால் அடங்கும் வலி ஆகியவை இதயத்தின் குரலாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வெறும் 'வயிறு சரியில்லை' என்றே வரக்கூடும். சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். ஏப்பம் வந்தால் இதயநோய் இல்லை என்று பொருளாகாது.

காரணமின்றி எடை குறைதல், விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, ரத்த வாந்தி, தார் போன்ற கருமலம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், 60 வயதுக்குமேல் புதிதாகத் தொல்லை தொடங்கினாலும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின், டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகள், சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின், இரும்பு மாத்திரை எல்லாமே வயிற்றைத் தொல்லைப்படுத்தக்கூடியவை. புது மருந்து தேடுமுன் பழைய சீட்டைப் பார்ப்பது நல்லது.

அபாயக் குறி இல்லாதவர்களுக்கு முதற்படி ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்ற சோதனை. 1982-இல் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்து, 2005-இல் நோபல் பெற்றுத் தந்த கிருமி அது. மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்யலாம். ஆனால் அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை 2 வாரமும் ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். நிறுத்துவதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையில் வேறு சிக்கல்: கிருமி ஒழிந்து பல மாதமான பின்னும் 'உண்டு' என்றே காட்டும்.

கிருமி இல்லை என்றாலோ, ஒழித்தும் தொல்லை தீரவில்லை என்றாலோ அமிலம் குறைக்கும் மாத்திரையை 4 முதல் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அதைச் சாப்பிட்டபின் போட்டுக்கொள்வது இங்கே பரவலான தவறு. உணவு வரும்போது விழித்து வேலைசெய்யும் அமிலப் பம்புகளைத்தான் அந்த மருந்தால் பூட்ட முடியும். ஆகவே மருந்து முன்னதாகவே ரத்தத்தில் வந்து காத்திருக்க வேண்டும். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்பது அதனால் வந்த கணக்கு. வலி வரும்போது ஒன்று போட்டுக்கொள்வதற்கான மாத்திரை அல்ல அது. கனமும் சீக்கிர நிறைவும் முதன்மையான தொல்லை என்றால் அமிலக் குறைப்பு பெரிதாக உதவாமலும் போகலாம். உணவைச் சிறு அளவுகளாகப் பிரித்து உண்பதும், எண்ணெயைக் குறைப்பதும், இரைப்பையிலிருந்து உணவை நகர்த்தும் மருந்தும் அங்கே பயன்படும். சிலருக்குக் குறைந்த அளவில் மனச்சோர்வு மாத்திரை தருவது வயிற்று நரம்பின் கூச்சத்தைத் தணிக்கத்தான். 'எனக்குப் பைத்தியமா' என்று கோபித்து அதை நிறுத்திவிடக் கூடாது.

பெப்சின் கலந்த செரிமான டானிக்குகள் பற்றி. டிஸ்பெப்சியாவில் குறைவது பெப்சின் அல்ல என்பது ஒன்று. அமிலம் குறைக்கும் மாத்திரையையும் அந்த டானிக்கையும் ஒரே சீட்டில் வாங்குவது இன்னொன்று: மாத்திரை வயிற்றின் பி.எச்.சை 4-க்கு மேல் ஏற்றிவிட்டால் டானிக்கிலுள்ள பெப்சினுக்கு அங்கே வேலையே இல்லை.

உணவு உண்மையாகவே செரிக்காத நோய்கள் வேறு. கணையம் பழுதானால் கொழுப்பு செரிக்காது. மலம் எண்ணெய்ப் பசையோடு, நாற்றத்தோடு, தண்ணீரில் கரையாமல் மிதக்கும், எடை குறையும். அங்கே நொதி மாத்திரை மருந்து. அதையும் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வீண். லாக்டேஸ் நொதி குறைந்தவருக்கு ஒரு தம்ளர் பாலில், அதாவது 250 மில்லியில், உள்ள சுமார் 12 கிராம் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை குடலில் புளித்து வயிற்றைப் பொருமவைக்கும். புளித்த தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் அது ஒத்துக்கொள்ளும். 'செரியாமை' என்ற சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்துவது இவற்றுக்குத்தான்.

டிஸ்பெப்சியாவுக்குத் தமிழில் 'செரியாமை' என்று எழுதுவது ஆகவே நோயாளியைத் தவறான கடைக்கு அனுப்பும் மொழிபெயர்ப்பு. 'அசீரணம்' என்பதும் அப்படியே. 'மேல்வயிற்றுத் தொல்லை' என்றால் அழகில்லாவிட்டாலும் உண்மையாக இருக்கும். இலங்கைத் தமிழில் செரிமானத்துக்குச் 'சமிபாடு' என்பார்கள். பாடநூலிலும் சமிபாட்டுத் தொகுதி என்றே வரும். செரிக்காத தொல்லைக்கு அங்கே 'சமியாக்குணம்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு, பழைய அகராதிகளில் 'செமியாக்குணம்'. குணம் என்பது வைத்தியத் தமிழில் குறிகுணம், உடம்பு காட்டும் அடையாளம். உணவு சமிக்கவில்லை என்று அந்தச் சொல் தீர்ப்பளிக்கவில்லை. சமிக்காதது போன்ற குணம் தெரிகிறது என்று மட்டும் சொல்கிறது. இன்றைய மருத்துவம் டிஸ்பெப்சியா என்று எழுதும்போது சொல்ல வருவதும் அவ்வளவுதான்.